இருபத்தைந்து

கொடைக்குக் கட்டினால்
விடிய விடியப் பாட வேண்டும் குழாய்.
வில்லுக்காரர் ஊர்ப்பேரைத் தப்பாகச் சொன்னால்
கூட்டத்தில் எவராவது எழுந்து சத்தம்போடுவார்,
அவரும் திருத்திப் பாடிவிட்டு மேலே போவார்.
கருத்தரங்கு அப்படியில்லை.
"சத்தம் வெளிய போகக் கூடாது மாசானம்,
வெளிச்சத்தமும் உள்ள வரக் கூடாது"
மூன்று தரம் சொன்னார் சற்குணம் சார்.
பிறகு அவரே
டீக்குப் போனவர்களைக் கூப்பிடவென்று
சாப்பாட்டுக் கொட்டகைப் பூவரசில்
ஒரு குழாய் மட்டும் கட்டச் சொன்னார்.

கட்டினேன்.
அதன் வாய் மதிலைப் பார்த்திருந்தது.
மதிலுக்கு அந்தப் பக்கம் பேட்டை, ஓடைக்கரைத் தெரு,
மடியில் முறமும் முறத்தில் இலையுமாகப்
பதினாலு பெண்கள்.

தலைப்பு: தற்காலக் கவிதையில் உழைப்பு.
இரண்டு நாள், எட்டு அமர்வு.
சொதியைப் பற்றி எல்லாரும் நல்லபடியாகப் பேசினார்கள்.
நான் மூலையில், ஆம்ப்ளிஃபயர் சூட்டில்.
'படிமம்' என்று யாராவது சொன்னால்
ப வெடிக்கும்.
ஒரு திருகு குறைப்பேன்.

இரண்டாம் நாள் மத்தியானம்
கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன்
பீடி சுற்றுகிறவளைப் பற்றி வாசித்தான்.
இருபது பீடி ஒரு கட்டு
இருபது பெருமூச்சு ஒரு கட்டு
என்று வந்தது. கை தட்டினார்கள்.

குழாயில் இரைச்சலோ என்று வெளியே வந்தேன்.
மதிலுக்கு மேலாக ஒரு சிரிப்பு.
செய்யதலி பாத்துதான்.
"ஏ மாசானம், என்னது, இருபதா?
இருபத்தஞ்சுல்லா ஒரு கட்டு!
கணக்குப்பிள்ளைகிட்ட இருபது கட்டிக்
கொண்டுபோயிப் பாக்கச் சொல்லு,
மூஞ்சில எறிவான்."

பையன் குரல் போய்க்கொண்டே இருந்தது.
ரேஷன் கடை மிஷினில் அவள்
பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கிறாள்.
இலையும் தூளும் தின்ற ரேகை.
நீ இல்லை என்கிறது மிஷின்.

அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் நின்றது.
பதினாலும் நின்றது என்று சொல்லமாட்டேன்.
நாலைந்து.

கொஞ்சம் பொறுத்து
சிறு கல்லைச் சுற்றி ஒரு சீட்டு வந்து விழுந்தது.
பீடி லேபிளின் பின்பக்கம்,
பாத்து மகளின் ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்து:
கட்டுக்கு 25.
ரேகை சொன்னது சரி.
போன மாசம் எனக்கு அரிசி போடலை.

நாலாய் மடித்து மேடைக்குக் கொண்டுபோனேன்.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன், பழக்கம்.
நேரம் பார்க்கிற மேடம்
காலையிலிருந்து என் கையில்தான் கொடுத்தனுப்பினார்,
'நேரம் முடிந்தது' சீட்டுகளை.
சற்குணம் சார் வாங்கினார், பிரிக்கவில்லை,
அப்படியே பையன் பக்கம் நகர்த்தினார்.

அவனும் பிரிக்கவில்லை.
மடிப்பைப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.
இன்னும் இரண்டு பக்கம் கையில் இருக்க
"நன்றி" என்றான். உட்கார்ந்தான்.
அத்தனை மைக்கும் என்னுடையது.
எனக்கு வாய் வரவில்லை.

சான்றிதழ், போட்டோ, வேன்.
மேசையில் தண்ணீர் பாட்டிலுக்கடியில்
மடிப்புக் கலையாமல் ஊறிக் கிடந்தது லேபிள்.
அந்தப் பையன் நம்பரையாவது கேட்டு வைத்திருக்கலாம்.

ஒயர் சுருட்டிக்கொண்டு மதிலோரம் போனபோது
"திருத்திட்டானா?" என்றாள் பாத்து.
"வாசிக்கல" என்றேன்.
"அப்ப ஆயிரத்துக்கு இருநூறு கொறையும்லா,
அத யாரு சுத்துவா?"
பதிலுக்கு நிற்கவில்லை அவள்,
கத்தரி ஓட ஆரம்பித்துவிட்டது.

மரமேறிக் குழாயை அவிழ்த்தேன்.
வெயில் இறங்கியும் சூடாகத்தான் இருந்தது.
நாளைக்குச் சுத்தமல்லியில் ஒரு சடங்கு வீடு.