கால் திருப்பு

திருவொற்றியூர், மூன்றாம் மாடி, ஞாயிறு.
சைக்கிள் தலைகீழாக நிற்கிறது.
பிரேம் புதுப்பேட்டை, ஹேண்டில்பார் பிராட்வே,
சீட் பியூலாவின் பழைய வண்டியுடையது.
கடையில் கொடுத்தால்
"இன்னா வண்டி சார் இது" என்று தள்ளிவிடுகிறார்கள்.

அதனால்தான் இந்தப் பிஸ்கட் டப்பா:
ஆலன் கீ கொத்து, அதில் ஐந்தாம் நம்பர் மட்டும் தேய்ந்தது;
ஸ்போக் கீ, பழைய பல்பிரஷ்.
டயர் நெம்ப இரண்டு ஸ்பூன்.
ஒன்று வளைந்து தயிர்க் கிண்ணத்துக்குத் திரும்பியபோது
பியூலா அதிலேயே பரிமாறினாள்,
என்னைப் பார்த்துக்கொண்டே.

கடல் தினமும் மாடியேறி வந்து
செயினை நக்கிவிட்டுப் போகிறது.
கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

சக்கரத்தைச் சுற்றினால்
பிரேக் கட்டையில் ஒரே இடத்தில் சர்ர்க்.
ஸ்போக்கைக் கால் திருப்பு திருப்பி,
மறுபடி சுற்றி,
இன்னொரு கால்.
உரசல் நின்ற பிறகுதான் கேட்கிறது,
கரண்ட் போய் வெகுநேரமான வீடு.