வெள்ளம் உண்டோ

மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும்
ராட்சதக் குழாய்கள் சாலையைத் தாண்டுமிடத்தில்
கேரளப் பதிவெண் மாருதி ஒன்று
வாயைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

குமுளி மலைப்பாதை, சாயங்காலம் ஐந்தேகால்.
என் ஜீப்பில் ஏலத்தோட்டத்துப் பெண்கள் பதினாலு பேர்.
முன்சீட்டிலிருந்து ஒச்சம்மா சொன்னாள்:
நிறுத்தாத.
ஏன் நிறுத்தினேனென்று எனக்கு இப்போதும் தெரியாது.

“வெள்ளம் உண்டோ?”

எங்கள் ஊரில் அந்தச் சொல்லில்
ஆடு மாடு மிதக்கும்.
அவன் ஊரில் அதைச் செம்பில் மொண்டு குடிப்பார்கள்.
அணை உடையுமென்று அவர்கள்
பாயைச் சுருட்டிவைத்துவிட்டு விழித்துக் கிடந்ததும்,
மதகை அடைத்துவிடுவார்களென்று நாங்கள்
நாற்றங்காலை விட்டு ரோட்டுக்கு வந்ததும்
இந்த ஒரே சொல்லுக்காகத்தான்.

அந்த மார்கழியில்
குமுளியில் என் வண்டியை எரித்தார்கள்.
பின்பக்கத் தகட்டில் மகள் பெயர் எழுதியிருந்தேன்.
‘கௌசல்’ வரைக்கும் மிஞ்சியிருந்தது.
தவணை இன்னும் பதினொன்று பாக்கி.
இது முதலாளி வண்டி. நான் கூலிக்கு ஓட்டுகிறேன்.

பின்சீட்டுக்கு அடியில்
மஞ்சள் கேன் ஒன்று கிடக்கிறது, இருபது லிட்டர்.
அதற்கும் ஒரு மார்கழி உண்டு.
என் வண்டி எரிந்த மூன்றாம் நாள் ராத்திரி
தெருப் பையன்கள் வந்து
கேன் இருக்கா மாமா என்றார்கள்.
எதுக்கு என்று நான் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதற்கு
எவ்வளவு பலம் வேண்டியிருந்தது தெரியுமா?
விடியும்போது கேன் வாசலில் இருந்தது, காலியாக.
கம்பத்தில் தேவஸ்யா பேக்கரி
புகைந்துகொண்டிருந்தது.
கௌசல்யா பிறந்த அன்று
தெருவுக்கே பன் கொடுத்துவிட்டுக்
காசு அப்புறம் தா என்றவர்.

“சூட்டோட மூடியத் திறக்காத,
மூஞ்சி வெந்துபோகும்”
என்றேன். தமிழில்தான்.
அவன் கையை எடுத்துக்கொண்டான்.

இருபது நிமிஷம் காத்திருந்தோம்.
குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன.
காருக்குள் அவன் மனைவி,
மதுரையில் ஆபரேஷன் முடிந்து
ஒரு கண்ணில் கட்டு.
கட்டில்லாத கண்ணால் கேனைக் காட்டி
குடிக்கக் கேட்டாள்.

அது வேணாம்மா, என்றேன்.
அது குடிக்கிற தண்ணியில்ல.
சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன்,
சாம்பல் போட்டு, புளி போட்டு.
குனிந்து மோந்தால் இப்போதும் தெரியும்.

ஒச்சம்மா எதுவும் பேசாமல் இறங்கினாள்.
தன் பாட்டிலின் வாயை
முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.
யோசித்து இன்னொருமுறை துடைத்தாள்.
முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள்.

தடுப்புச்சுவரில் உட்கார்ந்து அவன் ஆரம்பித்தான்:
“ஞான் அன்னு...”
அதற்கு மேல் வரவில்லை.
ஷட்டருக்குப் பின்னால் நின்றிருந்தானா,
முன்னால் நின்றிருந்தானா,
நான் கேட்கவில்லை.
இந்தமுறை கேட்காமலிருந்தது வேறு மாதிரி இருந்தது.

“நானும்” என்றேன்.

அந்த வாக்கியத்தை இரண்டு பேரும்
அங்கேயே விட்டுவிட்டோம்.
தலைக்கு மேல் குழாய்க்குள்
அவர்கள் மழை எங்கள் வயலுக்கு
இறங்கிக்கொண்டிருக்கும் சத்தம்.

பிறகு மூடியைத் துணிசுற்றித் திறந்து
கேனைச் சாய்த்தேன்.
குடுகுடுவென்று குடித்தது வண்டி,
எந்த ஊர்த் தண்ணீரென்று கேட்கவில்லை.

அவர்கள் மேலே போனார்கள், நாங்கள் கீழே.
லோயர் கேம்ப் குழாயடியில்
கேனை மறுபடி நிரப்பினேன்.
ரேடியேட்டருக்கு, யார் வண்டியானாலும்.

தேவஸ்யா உத்தமபாளையத்தில்
சின்னதாய்க் கடை போட்டிருக்கிறாராம்.
ஒச்சம்மாதான் சொன்னாள்,
நான் கேட்காமலே.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கேனை எடுத்துக்கொண்டு போகிறேன்.