நலமுரண்

"ஆசிரியருக்கு நலமுரண் ஏதும் உண்டா?
நூறு எழுத்துக்குள்."
வெருலத்தில் இரவு ஒன்று இருபது.
மின்வெட்டுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

கட்டுரை, கரும்புச் சக்கைத் தூசி
நுரையீரலில் குடியேறும் விதம் பற்றியது.
நாற்பத்தொரு ஆலைத் தொழிலாளர்.
பெயர்களை அழித்து எண்களாக்கியது நான்தான்;
நெறிமுறைக் குழு பாராட்டியது.

பதினேழாம் எண் என் சித்தப்பா பூபாலன்.
குழாயில் ஊதிவிட்டு "போதுமா டாக்டரம்மா?" என்றார்,
கேட்காமலே இன்னொரு முறை ஊதினார்.
கூடிய அளவைத்தான் எடுத்துக்கொண்டேன். விதிப்படி சரி.

என் படிப்புக்குப் பணம் கட்டியது அதே ஆலை.
முதல் பெயர் பேராசிரியர் ஃபான் ரூயன்,
வெருலம் எந்தத் திசை என்றறியாதவர்.
வீடு வீடாய் என்னோடு நடந்து
சூலுவில் கேள்வி கேட்ட நொம்புசோ
நன்றியுரையில், ஆலைக்குக் கீழே.

இதில் எது நலம், எது முரண்?

தட்டினேன்:
"பதினேழு எனக்குக் காரோட்டக் கற்றுத்தந்தவர்.
என் கட்டணம் ஆலையுடையது.
நொம்புசோ இரண்டாம் ஆசிரியர்."
பெட்டி சிவந்தது. எழுத்து மிகுதியாம்.

கார் போயிற்று. சித்தப்பா உறவினர் ஆனார்.
ஆலை நின்றது.
நொம்புசோ நின்றாள்.

அடுத்த கட்டம்:
"எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்களா?"

மின்வெட்டுக்குப் பத்து நிமிடம்.
பேராசிரியரின் கைபேசி அடிக்கிறது.
அடிக்கட்டும்.