நாற்பது அடி மிச்சம்

பங்குனியில் ஒரு ஞாயிறு.
காரைக்குடியில் விடியுமுன் பஸ் ஏறி
சிங்கம்புணரியில் மாறி
பிரான்மலை அடிவாரத்தில் இறங்கும்போது
மணி ஏழேகால்.

ஜொகரா காலில் மகனின் கிரிக்கெட் ஷூ,
முன்பக்கம் பஞ்சு அடைத்தது.
அடைக்கம்மை ஆச்சி கையில் குடை.
வெயிலுக்கு என்றாள்.
ஊன்றத்தான் என்பது குடைக்கே தெரியும்.
இடுப்பில் சாவிக்கொத்து வேறு:
பதினேழு புள்ளிக்குப் பொதுவான வீடு,
ஊரில் தங்கியது இவள் ஒருத்தி.
என் பையில்
உப்புச்சர்க்கரைப் பொடி, வலித்தைலம், கட்டுத்துணி,
வேலை பார்க்கும் மருந்துக்கடையில்
கணக்கெழுதாமல் எடுத்துவந்த
ஒரு தெர்மாமீட்டர்.
எதற்கென்று என்னைக் கேட்காதீர்கள்.

இலுப்பை அடியில் இரவு உதிர்ந்த பூக்கள்
இன்னும் ஈரம்.
மிதித்த செருப்போடு
பாதி மலைவரை வந்தது அந்தப் புளித்த இனிப்பு.
புங்கமரம்
தளிரும் பூவும் ஒரே வாரத்தில் போட்டுக்கொண்டு
முகூர்த்தத்துக்கு நேரமான அவசரத்தில் நின்றது.

படி முடிந்து பாறை தொடங்கும் இடத்தில்
பலகை ஒன்றும் இல்லை.
கால் தானாகப் புரிந்துகொண்டு
கையையும் கூப்பிடுகிறது.

ஒன்பது மணிக்குக் கல் சுட ஆரம்பித்தது.
பை திறந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு
புளியோதரைப் பொட்டலத்தை முகர்ந்துவிட்டு
வேண்டாமென்று
தெர்மாமீட்டரோடு மேலே தாவியது.
"அதுக்கும் காச்சலாத்தான் இருக்கும்,
விடு" என்றாள் ஜொகரா.

உச்சி என்று நினைத்தது உச்சி இல்லை.
அதற்குப் பின்னால் இருந்ததும் இல்லை.
மூன்றாவதை
நாங்கள் உச்சி என்று சொல்லவில்லை,
அதுதான் உச்சி.

நாற்பது அடி இருக்கும்.
சரிந்த ஒரே கல்,
பிடிக்க ஒரு வெடிப்புகூடக் கிடையாது.
காற்று என் துப்பட்டாவை
என்னைவிட முன்னால் அனுப்பப் பார்த்தது.
ஆச்சி குடையை மடக்கி அக்குளில் செருகிக்கொண்டு
உட்கார்ந்தபடியே நகர்ந்து ஏறினாள்.
ஜொகரா ஷூவைக் கழற்றி என்னிடம் தந்தாள்.
என் தொடை
வேறு யாருடையதோபோல் நடுங்கியது.
"நான் ஷூவைப் பாத்துக்கறேன்" என்றேன்.

சாவிச் சத்தம் மேலே மேலே போய்
நின்றது.
ஏறிவிட்டார்கள்.

எனக்குப் பக்கத்துப் பள்ளத்தில்
எப்போதோ பெய்த மழை, டீ நிறத்தில்.
அதன் கரையில் ஒரு பாறை ஓணான்,
கழுத்துவரை செம்பழுப்பு ஏறி,
தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது.
எட்ட இருந்த இன்னொன்று
பார்க்காததுபோல் பார்த்தது.
எனக்குக் கீழே ஒரு பருந்து வட்டமிட்டது.
ஐம்பத்தொரு வருசத்தில்
பருந்தின் முதுகை நான் பார்த்ததில்லை.

போன் அடித்தது. இங்கே டவர் முழுசாக இருக்கிறது.
"உச்சிக்குப் போய்ட்டியா?" வீட்டுக்காரர்.
"ம்."
"காத்து இங்கவரைக்கும் கேக்குது."
"ம்."
"பயமா இல்லையே?"
"இல்ல."
மூன்றும் பொய்யா என்று எண்ணிப் பார்த்தேன்.
நடுவில் இருந்தது மட்டும் இல்லை.

மேலே தர்காவில் ஓதிவிட்டு
காகிதத்தில் மடித்த சர்க்கரையோடு வந்தாள் ஜொகரா.
வியர்வையில் பாதி கரைந்திருந்தது.
காகிதத்தை நக்கினேன்.
காரைக்குடி தெரிந்ததா என்றேன்.
"புழுதிதான் தெரிஞ்சுச்சு.
அதுல நம்ம புழுதி எதுன்னு
ஆச்சியும் நானும் சண்ட போட்டோம்."
நான் ஓணானைப் பற்றிச் சொன்னேன்.
"ச்சே, எங்களுக்கு அது தெரியலையே" என்று
ஆச்சி நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

இறங்கும்போது முட்டி பேசியதை
இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை இருப்புக் கணக்கெடுத்தார் முதலாளி.
தெர்மாமீட்டர் ஒன்று குறைகிறது.
"உச்சியில இருக்கு" என்றேன்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு நிமிசம் பார்த்துவிட்டு
என் பெயருக்கு நேரே
நூற்றைம்பது என்று எழுதினார்.