களிம்பு ஏறாத மரம்

வெள்ளிக்கிழமை. அஜ்மான் சனையாவில்
பாதி ஷட்டர் இறக்கிய பட்டறைக்குள்
குனிந்து வந்தாள் தில்லைநாயகி,
தோளில் ஒரு கட்டைப்பை.
"நகைப்பெட்டி வேணும்.
போட்டோவுல பெட்டியும் விழும், பார்த்துக்கங்க."

ஷார்ஜா, கிஸைஸ், கராமா என்று
ஃப்ளாட் ஃப்ளாட்டாகப் போய்
மணப்பெண்களுக்கு முகம் எழுதுகிறவள்.
நகையும் அவளே தருவாள்,
ஒரு நாள் வாடகைக்கு.

எந்த மாதிரி வேலைப்பாடு என்று கேட்டேன்.
நகாசு வேண்டுமென்றால்
அடக்கமான மரமாகப் பார்க்க வேண்டும்:
பீச், மேப்பிள்,
உளி பேசும்போது குறுக்கே பேசாதவை.
ஒன்றும் செதுக்காமல் வெறுமனே விட்டால்
மரமே கச்சேரி செய்தாக வேண்டும்.
அதற்கு வரியோடிய வால்நட்,
இல்லை, இரண்டு நிறம் கலந்த சீஷம்.

பதில் சொல்லாமல் பையைக் கவிழ்த்தாள்.
மாங்காய் மாலை, ஒட்டியாணம், ராக்கொடி,
ஜிமிக்கி மட்டும் ஏழு ஜோடி.
ஷெர்ஜமான் ரம்பத்தை நிறுத்திவிட்டான்.

"பயப்படாதீங்க. எல்லாம் கவரிங்."

எங்களுக்கும் அதே பிழைப்புதான்.
மரத்தூள் பலகைமேல்
அரை மில்லிமீட்டர் தேக்குத் தோல் ஒட்டி
வில்லாக்களுக்குக் கதவென்று அனுப்புகிறோம்.
வெனீரே போதும், பாதி விலை என்றேன்.

"வேண்டாம். பெட்டி கனக்கணும்.
பொண்ணோட மாமியா
முதல்ல பெட்டியைத்தான் தூக்கிப் பார்ப்பா."

கழிவுத் துண்டுகளைக் கிளறினோம்.
ஏதோ வங்கிக் கவுன்டரில் மிஞ்சிய ஓக்
அவளுக்குப் பிடித்துவிட்டது.
தேன் நிறம், கோயில் நகைக்கு எடுப்பாம்.
வாங்கி முகர்ந்தேன். புளிப்பு.
மூடி வைத்தால் இது உள்ளுக்குள்
புளிப்பாகவே மூச்சு விடும்.
அசல் தங்கம் அதைச் சட்டை செய்யாது.
முலாம் தேய்ந்த இடத்தில்
செம்பு களிம்பு பூக்கும்.
மாமியார்களிடம் மறைத்ததை
மரத்திடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்படித்தான் மகோகனி என்று முடிவானது.
மஜ்லிஸ் கதவொன்றில் மிஞ்சிய நாலு துண்டு.
பழுத்த நாவற்பழத்தைப் பிட்டால்
கொட்டையோரம் தெரியுமே, அந்த நிறம்.
உளி படவில்லை. பித்தளைப் பூண் இல்லை.
எண்ணெய் மட்டும் மூன்று கை.
மூடிக்கு ஒரு நூல் இடம் விட்டேன்,
ஆகஸ்ட் ஈரத்தில் ஊதும்,
காரின் கொதிப்பிலிருந்து ஏசிக்குப் போனால்
சுருங்கும் என்று.

அடுத்த வாரம் வந்து
இரண்டு கையாலும் தூக்கினாள்,
புருவத்தை ஒரு மாமியார் போல உயர்த்தி.
"நூறு பவுன் இருக்கும்."
உள்ளே அப்போது ஒன்றுமே இல்லை.

திர்ஹம்களை எண்ணிக் கொடுத்தாள்,
பத்து குறைத்து.
பெட்டியை முன்சீட்டில் உட்காரவைத்து
பெல்ட் போட்டுவிட்டாள்.

"அஸ்லி?" என்றான் ஷெர்ஜமான்,
கார் திரும்பும் வரை பார்த்துவிட்டு.
"பெட்டி," என்றேன்.

உள்ளே பசை காய்ந்துகொண்டிருந்தது.
இன்னும் பதினோரு கதவுக்குத்
தோல் ஒட்ட வேண்டும்.