பதினான்காவது போர்ட்

சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு
பின்கேட் கேமரா செத்துப்போகிறது.
விடிந்தால் தானே பிழைத்துக்கொள்கிறது.
பதினோரு நாளாக இப்படி.
கடலூர் முதுநகர், துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஃபேக்டரி.
நெல்லித்தோப்பில் நான் பஸ் ஏறும்போதே
மேனேஜர் ஹபீப் போனில் தீர்ப்பு சொல்லிவிட்டார்:
"வாட்ச்மேன்தாம்மா புடுங்கி வுடறான்.
பார் பாரா ஐஸ் வெளிய போவுது.
நீங்க வந்து ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன்.
உப்பனாற்றுக் காற்று செம்பைத் தின்னும்.
கனெக்டரைக் கழற்றினால்
எட்டு பின்னில் இரண்டு பாசி பிடித்த நிறம்.
வெட்டி எறிந்து புதிதாக கிரிம்ப் செய்தேன்.
டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசை தப்பாமல் வந்தன.
வெற்றி என்று டீ குடித்தேன்.
ஆறு நாற்பதுக்குச் செத்தது.

மறுநாள்
பதினான்கில் இருந்த வயரை ஒன்பதில் செருகி
ஒன்பதைப் பதினான்கில் செருகினேன்.
பின்கேட் இரவு முழுக்க விழித்திருந்தது.
நல்லாயிருந்த ஒன்பது செத்தது.
ஆக, நோய் கேமராவில் இல்லை, வயரில் இல்லை.
போர்ட்டில் என்றால்
பகலெல்லாம் அதே போர்ட் ஒழுங்காகச் சோறு போடுகிறதே.

இந்த வயரில் மின்சாரம் சும்மா பாய்ந்துவிடாது.
முதலில் கொஞ்சூண்டு வோல்டேஜ் போய்
யாராவது இருக்கீங்களா என்று தொட்டுப் பார்க்கும்.
எதிர்முனையில்
இருபத்தைந்து கிலோ ஓம் உட்கார்ந்திருந்தால்
உனக்கு எவ்வளவு வேணும் என்று விசாரிக்கும்.
அப்புறம்தான் நாற்பத்தெட்டு.

இந்தப் பதினோரு நாளில்
தெய்வசிகாமணியிடம் யாரும் எதையும் விசாரித்திருக்கவில்லை.
இரண்டு நாளாக என் ஏணியைப் பிடித்தபடி நின்றவர்
மூன்றாம் நாள் லாரி ரிஜிஸ்தரை நீட்டினார்.
வண்டி நம்பர்களுக்குப் பக்கத்து மார்ஜினில்
பென்சிலில் பொடிப்பொடியாக:
கேம்ரா ஆஃப் 6.40.
கேம்ரா ஆஃப் 6.41.
6.40.
மழை. 5.10.
6.39.

மழை, ஐந்து பத்து.
மறுபடி படித்தேன். ஏணியில் பாதியில் நின்றுகொண்டே.
ஆடி மழைக்கு வானம் கறுத்த அன்று
முன்னாடியே செத்திருக்கிறது.
கடிகாரம் பார்த்துச் சாகவில்லை,
இருட்டைப் பார்த்துச் சாகிறது.

இருட்டினால் பதினான்கு கேமராவும்
இரவுக் கண்ணைத் திறக்கும். நமக்குத் தெரியாத சிவப்பு.
பகலில் ஆளுக்கு ஐந்து வாட், மொத்தம் எழுபது.
இரவில் ஆளுக்கு ஒன்பது, நூற்று இருபத்தாறு.
ஸ்விட்ச் கொடுக்க முடிந்தது நூற்று இருபது.
ஆறு வாட் பற்றாக்குறைக்கு
கடைசியாக உட்கார்ந்தவனின் இலையை எடுத்துவிடுகிறது.
அவ்வளவுதான்.
கோபம் இல்லை, களவு இல்லை, கணக்கு.

பெரிய ஸ்விட்ச் வாங்குங்கள் என்றேன்.
கொட்டேஷன் அனுப்புங்க, பாக்கலாம் என்றார் ஹபீப்.
பாக்கலாம் எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும்.
அதுவரை யாராவது ஒருவர் இருட்டில் இருந்தாக வேண்டும்.
யார் என்று தேர்ந்தெடுக்க
செட்டிங்கில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: முன்னுரிமை.
பதினான்கை மேலே ஏற்றினேன்.
மேனேஜரின் கார் ஷெட்டைப் பார்க்கும் இரண்டாம் போர்ட்டை
கீழே இறக்கினேன்.
சேவ் செய்தேன்.

சர்வீஸ் தாளில் காரணம் என்ற கோட்டுக்கு மேல்
'மின்பங்கீடு போதாமை. மனிதத் தலையீடு இல்லை'
என்று எழுதி
இரண்டாவது வாக்கியத்தின் கீழ் கோடு இழுத்தேன்.
கார்பன் காப்பியிலும் விழுகிற அழுத்தத்தில்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தும் கேட்டில் நின்றோம்.
மீன் லாரி ஒன்று உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டு போனது.
அவர் நம்பரைக் குறித்தார்.
வெளிச்சம் குறைந்தது.
கேமராவின் வட்டத்தில்
ஒவ்வொன்றாகச் சிவப்புப் புள்ளிகள்.

பென்சில் முனையை நாக்கில் தொட்டு எழுதினார்:
6.40. எரியுது.
கொஞ்சம் யோசித்து
6.45 என்று போட்டு
பக்கத்தை வெறுமையாக விட்டுக் காத்திருந்தார்.