முப்பத்தொன்றாம் வாரம்

ஆமாம், இன்னும் விற்பனைக்குத்தான் இருக்கிறது.
ஆமாம், ஒரு டாலர்தான். அச்சுப்பிழை இல்லை.
எங்கிருந்து பேசுகிறீர்கள்?
பிரான்சனா? அதே விடுதியின் கார் நிறுத்தத்திலா?
அப்படியென்றால் உங்கள் வீட்டுக்காரர் இன்னும் உள்ளேதான்.
கண்ணாடி மேசை, நாலு நாற்காலி,
கையெழுத்துக்கென்றே கனமாகச் செய்த பேனா.
தொண்ணூறு நிமிடம் என்றுதானே அழைத்தார்கள்?
எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆயிற்று.
இலவச வாஃபிள் வயிற்றில் கல்லாய்க் கிடந்தது.

என் பெயர் லைல் ஹ்லாடிக். ஊர் வில்பர், நெப்ராஸ்கா.
தானியக் கிடங்கில் எடைமேடை பார்க்கிறேன்.
லாரி சரக்கோடு வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை.
கழித்தால் வருவதுதான் சோளம்.
வேறு கணக்கு எனக்குத் தெரியாது.
உள்ளே இருபத்திரண்டாயிரம். என்னிடம் ஒன்று.
ஏரி அதேதான். மெத்தையும் அதேதான்.
கழித்தால் வருவதற்கு என்ன பெயர்,
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்.
அவர்களிடம் வாங்கினால் புள்ளிகள் தருவார்கள்,
ஹவாய்க்கு மாற்றிக்கொள்ளலாம்,
தங்க அட்டை, வந்ததும் ஒரு பழத்தட்டு.
என்னிடம் வாங்கினால் புள்ளி கிடையாது.
ஜூலை முடிந்து ஆகஸ்ட் தொடங்கும் ஏழு நாள்,
அந்த அறை, அந்த வெயில், அவ்வளவுதான்.
எங்களிடமும் தங்க அட்டை இருந்தது.
பதினொரு வருடத்தில் ஹவாய்
ஒரு முறைகூடக் காலியாக இருந்ததில்லை.

ஆனால் பராமரிப்புக் கட்டணம்
எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
வாங்கிய வருடம் நானூற்றுப் பத்து.
இப்போது ஆயிரத்து நூற்று நாற்பது.
போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும்.
செத்தாலும் என்று நினைக்கிறேன், கேட்டுப் பார்க்கவில்லை.
யானையைச் சும்மாகூடத் தருவார்கள் அம்மா,
தீனிதான் நம் தலையில்.

ஏன் விற்கிறேன் என்றா?
விவாகரத்து.
டார்லாவுக்கு வீடு, படகு, நாய்.
எனக்குப் பிக்கப் வண்டியும் இந்த வாரமும்.
'ஐம்பத்திரண்டில் ஒன்று, என்றென்றைக்கும்'
என்று வக்கீல் வாசித்தபோது
நீதிபதி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.
முதல் வருடம் தனியாகப் போனேன்.
இரண்டு படுக்கையறை.
ஒரு ராத்திரி இதில், ஒரு ராத்திரி அதில் என்று
மாறி மாறிப் படுத்தேன், கட்டிய காசுக்கு.

இருங்கள், ஒரு லாரி.

ம், சொல்லுங்கள்.
கையெழுத்துப் போட்டுவிட்டாரா?
பதறாதீர்கள். ரத்து செய்ய ஐந்து நாள் இருக்கிறது.
கடைசித் தாளின் பின்பக்கம், எறும்பு எழுத்தில்.
பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.
போனில் சொன்னால் அன்பாகப் பேசியே
ஐந்து நாளையும் கரைத்துவிடுவார்கள்.

அதற்கப்புறம் என்னுடையது வேண்டுமென்றால்
பத்திரச் செலவு நானே தருகிறேன். அந்த டாலரும் வேண்டாம்.
பால்கனிக் கதவு மக்கர் செய்யும்,
கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும்.
காலை ஆறு மணிக்கு ஏரிமேல் மூட்டம் இருக்கும்.
அதற்குள்ளிருந்து படகின் சத்தம் மட்டும் வரும், படகு வராது.
நாளெல்லாம் பேசுகிற டார்லா
அந்த நேரத்தில் மட்டும் பேச மாட்டாள்.
காப்பிக் கோப்பையை என் முழங்கால்மேல் வைப்பாள்,
அது அவளுடைய முழங்கால் என்பதுபோல.

அது விற்பனையில் சேராது.

என்ன சொன்னீர்கள்?
அதை ரத்து செய்துவிட்டு
இதை எடுத்துக்கொள்கிறீர்களா? இன்றைக்கேவா?

லாரி மேடையில் நிற்கிறது, முள் இன்னும் ஆடுகிறது.
ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.
இல்லை,
நாளைக்கு.